ஒரு குரலின் தூரங்கள்

ஆடி பிறந்துவிட்டால் சென்னைப் புறநகரான ராஜகீழ்ப்பாக்கத்தில் பால்காரருக்குப் போட்டியாக மைக் செட்டும் விழித்துக்கொள்ளும். சேலையூர் கேம்ப் ரோடிலிருந்து செம்பாக்கம் வரை, வேளச்சேரி சாலையை ஒட்டிய தெருக்களில் சின்னதும் பெரிதுமாக அம்மன் கோயில்கள். வேப்பிலைத் தோரணம் கட்டி, கூழுக்கு அடுப்பு மூட்டியதும் கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் ஏறிவிடும். கிழக்கே ஒரு கோயிலில் ஒரு பாட்டு, மேற்கே இன்னொரு கோயிலில் வேறொரு பாட்டு. இரண்டிலும் பாடுகிறவர் ஒருவரே: எல்.ஆர்.ஈஸ்வரி.

பக்திப் பாட்டு பாடியவர்கள் தமிழில் எத்தனையோ பேர். ஆனால் குழாய் என்று வந்துவிட்டால் மைக் செட்காரரின் கை இவருடைய பாட்டைத்தான் தேடுகிறது. பழக்கம் ஒரு காரணம், பக்தி ஒரு காரணம். மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அது குரல்வளைக்கும் தகரக் குழாய்க்கும் நம் காதுக்கும் இடையே நடக்கிற இயற்பியல். அதைத் தெரிந்துகொண்டால் இந்தப் பாடகியின் வாழ்க்கை முழுவதும் வேறொரு வெளிச்சத்தில் தெரிகிறது. ஏனென்றால் தெரு தாண்டிக் கேட்கும் இதே குரல்தான் 1972-இல் ‘வெள்ளி விழா’ படத்தில் காதோடு காதாக, மூச்சுக்கு ஒரு படி மேலே மட்டும் ஒலித்து ஒரு முழுப் பாட்டைப் பாடி முடித்தது. அரை கிலோமீட்டர் தூரத்துக்குப் பாடுவதும் அரை அடி தூரத்துக்குப் பாடுவதும் தொண்டைக்கு நேரெதிரான இரண்டு வேலைகள். இரண்டையும் ஒருவரே செய்திருக்கிறார்.

குரல் எங்கே பிறக்கிறது என்பதை உயிருள்ள மனிதரிடம் முதலில் கண்ணால் பார்த்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஒரு பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா என்ற அந்த ஸ்பானியர் 1854-இல் பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் விட்டு, சூரிய ஒளியை அதன்மேல் விழவைத்து, தன் குரல் நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். குரல்வளைக்குள் எதிரெதிராக இரண்டு சதை மடிப்புகள். பெண்களுக்கு அவற்றின் நீளம் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர்தான். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது. அவற்றின் மீள்தன்மையும் நடுவே பாயும் காற்றின் அழுத்தமும் சேர்ந்து மூடவைக்கின்றன. பெண்கள் பேசும்போது இது நொடிக்குச் சுமார் 200 முறை நடக்கிறது. பாடும்போது 300, 400, 600 என்று ஏறும். சராசரி 300 என்று வைத்துக்கொண்டாலே, மூச்சு விடாமல் மூன்று நிமிடம் பாடினால் அந்த இரண்டு மடிப்புகளும் ஐம்பதாயிரம் முறைக்கு மேல் மோதியிருக்கும். ஒரு நாளில் பல பாட்டுகள் பதிவான காலத்துப் பாடகிகளின் தொண்டை எதைத் தாங்கியது என்பதை இந்தக் கணக்கை வைத்து யோசிக்கலாம்.

நாண்கள் எத்தனை முறை மோதுகின்றன என்பது சுருதியை முடிவு செய்கிறது. எப்படி மோதுகின்றன என்பதுதான் குரலின் குணத்தை முடிவு செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நாண்கள் சிறிது நேரம் திறந்தும் சிறிது நேரம் மூடியும் இருக்கும். முழுக்க ஒட்டாமல், லேசாக உரசிவிட்டுப் பிரிந்தால் இடைவெளி வழியே காற்று கசிந்துகொண்டே இருக்கும். அப்போது பிறக்கும் ஒலியில் அடிச்சுருதி மட்டும் தெளிவாக இருக்கும். அதற்கு மேலே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களில் அடுக்கடுக்காக நிற்கவேண்டிய மேற்சுரங்கள் சீக்கிரமே மெலிந்துவிடும். காற்றின் இரைச்சலும் கலந்துகொள்ளும். நாம் அதைக் குழைவு என்கிறோம், ரகசியம் என்கிறோம். மாறாக, நாண்கள் இறுக ஒட்டிச் சுற்றில் பாதிக்கு மேல் மூடியே இருந்து, காற்றோட்டத்தைச் சட்டென்று வெட்டினால் மேற்சுரங்கள் பத்து, பதினைந்து அடுக்குவரை வலுவாக எழும். இதை நாம் கணீர் என்கிறோம்.

ஈஸ்வரி முதலில் கற்கவேண்டியிருந்தது இந்த இரண்டையும் அல்ல. குரலை மறைக்கக் கற்கவேண்டியிருந்தது. சென்னையில் 1939-இல் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் நிர்மலா ஜெமினி ஸ்டுடியோவில் கோரஸ் பாடியவர். தாயோடு ஒலிப்பதிவுகளுக்குப் போய்வந்த பெண் தானும் கோரஸில் சேர்ந்தார். 1954-இல் வந்த ‘மனோகரா’வில் ஜிக்கி பாடிய பாட்டில் பின்னணிக் குரல்களில் ஒன்று இவருடையது. கோரஸில் நிற்கிற எவருக்கும் முதல் விதி, தன் குரல் தனியாகக் கேட்கக்கூடாது என்பது. ஒரே பாடகர்களைத் தனியாகவும் குழுவிலும் பாடவைத்து ஒலியை அளந்த ஆய்வுகள் 1980-களில் நடந்தன. அவற்றில் தெரிந்தது இதுதான்: தனியாகப் பாடும்போது 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில் தூக்கிக்காட்டும் வலுவைக் குழுவில் சேர்ந்ததும் பாடகர்கள் தாங்களாகவே குறைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பகுதிதான் ஒரு குரலை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. கோரஸில் கழிந்த ஆண்டுகள் வீணான காத்திருப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தத் திருகைத் திறந்தால் குரல் முன்னே வரும், எதை மூடினால் பின்னே போகும் என்பதை ஒரு இளம்பெண்ணின் தொண்டை அங்கேதான் படித்திருக்க வேண்டும்.

கே.வி.மகாதேவன் 1958-இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் தனிப்பாட்டு கொடுத்தார். 1961-இல் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் ‘பாசமலர்’ படத்தின் கல்யாணப் பாட்டு வந்தது. மணப்பெண்ணைத் தோழிகள் அழைத்துப் போகிற அந்தப் பாட்டு, தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் பல்லாண்டு காலம் ஒரு சடங்கு போலவே ஒலித்தது. அந்தப் பாட்டைக் கவனித்துக் கேட்டால் ஒரு விஷயம் புரியும். பாடுகிறவள் கூட்டத்தில் ஒருத்தி. ஆனால் கூட்டத்துக்கு அரை அடி முன்னால் நிற்கிறாள். பின்னால் கோரஸ். கோரஸிலிருந்து வந்தவருக்கு அந்த அரை அடியை அளப்பது கைவந்த கலை.

அதற்குப் பிறகு தமிழ்ச் சினிமா அவருக்குக் கொடுத்த இடங்களைப் பார்த்தால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1964-இல் ‘கருப்புப் பணம்’ படத்தின் கிளப் பாட்டுகள் பெரிய வெற்றி பெற்றன. அதோடு, மது விடுதி, மேடை நடனம், வில்லனின் கூடாரம் என்றால் ஈஸ்வரி. கதாநாயகி பூப்பறித்தால் வேறொருவர் என்று ஒரு வழக்கம் படிந்துவிட்டது. இதைக் குரலின் தன்மையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மேற்சுரங்கள் மெலிந்த, வழவழப்பான குரல் அடக்கமான பெண்ணுக்கு. மேற்சுரங்கள் துணிந்து நிற்கும் குரல் அடங்காத பெண்ணுக்கு என்று அந்தக் காலத்துச் சினிமா தன்னையறியாமல் ஒரு பிரிவினை செய்துவைத்திருந்தது. குரல் நாண்கள் எவ்வளவு இறுக ஒட்டுகின்றன என்பதற்கும் ஒரு பெண்ணின் ஒழுக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதைச் சொல்ல வேண்டியிருப்பதே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவினைதான் ஈஸ்வரியின் கதாநாயகிப் பாட்டுகளை எண்ணிக்கையில் குறைத்தது என்பது என் முடிவு.

இழப்பின் மறுபக்கத்தில் அவருக்குக் கிடைத்தவை விதவிதமான பாட்டுகள். ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே திரையில் காட்டும் பாட்டில் டி.எம்.சௌந்தரராஜனின் வரிகளுக்கு இடையே சொல்லே இல்லாத ஹம்மிங்காக வருவது இவர். 1967-இல் ‘அனுபவி ராஜா அனுபவி’யில் தூத்துக்குடித் தமிழ். 1968-இல் ‘பணமா பாசமா’வில் தெருவில் கூவி இலந்தைப்பழம் விற்பவள். 1969-இல் ‘சிவந்த மண்’ணில் சாட்டையடிகளுக்கு நடுவே பாடும் நாட்டியக்காரி. 1974-இல் ‘அவள் ஒரு தொடர்கதை’யில் உலகத்தையே கேள்வி கேட்கும் இளம்பெண். நடுவே அம்மன் பாட்டு இசைத்தட்டுகள்.

இவற்றில் சாட்டைப் பாட்டு உடலியல் தெரிந்தவர்களுக்கு ஒரு விருந்து. வலியில் மூச்சு திடீரென்று நின்று, பிறகு உடைந்து வெளியே வருவது நமக்கு அனிச்சைச் செயல். உணவோ நீரோ மூச்சுக்குழாயில் நுழையாமல் காக்கத்தான் குரல்வளை முதலில் உண்டானது. பேச்சும் பாட்டும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வேலைகள். அதனால் இருமல், விக்கல், கேவல், சிரிப்பு எல்லாமே குரல் நாண்களை நம் அனுமதியின்றி ஆட்டிப்படைக்கும். விக்கலில் உதரவிதானம் சுருங்கி நொடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் நாண்கள் அறைந்து மூடிக்கொள்கின்றன. சிரிப்பில் நொடிக்கு ஐந்து முறை அளவில் மூச்சு வெட்டுப்படுகிறது. பாடகர் இந்த அனிச்சைகளை வேண்டுமென்றே வரவழைத்து, தாளத்துக்குள் வைத்து, அடுத்த சொல்லைச் சுருதி பிசகாமல் எடுக்க வேண்டும். கேவல் உண்மையாகிவிட்டால் பாட்டு போய்விடும். சுருதி மட்டும் சுத்தமாக இருந்தால் கேவல் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மயிரிழையில் நடந்த பாடகிகள் தமிழில் சிலரே, முன்வரிசையில் ஈஸ்வரி.

இனி ‘வெள்ளி விழா’ பாட்டுக்கு வருவோம். வி.குமார் இசை. மைக்ரோஃபோன் என்ற ஒன்று வந்திராவிட்டால் அந்தப் பாட்டு இந்த உலகத்தில் இருந்திருக்கவே முடியாது. கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடவேண்டியிருந்தது. ஒலிக்குத் தூரம் பெரிய பகை. தடையில்லாத வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைகிறது. உதட்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டரில் உள்ள ஒலி ஒரு மீட்டர் தள்ளிப்போவதற்குள் 26 டெசிபலை இழக்கிறது. அதாவது காதில் கிசுகிசுக்கிற வார்த்தை எதிர் நாற்காலிக்கே போய்ச் சேராது. மைக்கை உதட்டருகே வைத்ததும் அந்த ஐந்து சென்டிமீட்டர் உலகம் அப்படியே இசைத்தட்டில் ஏறி, வீட்டு வானொலி வழியாகக் கேட்பவரின் காதருகே இறங்கியது. திசை பார்த்து ஒலி வாங்கும் மைக்குகளுக்கு இன்னொரு குணமும் உண்டு: வாய் நெருங்க நெருங்க அவை தாழ்ந்த அதிர்வெண்களைக் கூடுதலாக வாங்கும். குரல் கனத்து, மார்புக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். நம் மூளை வாழ்நாள் முழுக்கப் பழகிய கணக்கு ஒன்று இருக்கிறது: மெல்லிய குரல், காற்றுக் கசிவு, கனத்த அடி, எதிரொலியே இல்லை என்றால், பேசுகிறவர் மிக அருகில் இருக்கிறார். அந்தக் கணக்கைத் தவறாகப் போடவைத்ததுதான் அந்தப் பாட்டின் மாயம். மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் நாண்களைச் சீராக அதிரவைப்பது உரக்கப் பாடுவதைவிடக் கடினம். அழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் அதிர்வு நின்று, வெறும் காற்றுதான் வரும். அந்த வரம்பின் விளிம்பிலேயே சில நிமிடங்கள் நிற்பது எவ்வளவு கடினம் என்பது தாம்பரம் சானடோரியம் நெஞ்சக மருத்துவமனையில் மூச்சுக் கருவியை ஊதிப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் புரியக்கூடும்.

இதே தொண்டை இலந்தைப்பழக்காரியாகும்போது என்ன நடக்கிறது? சாதாரணப் பேச்சுக்கு நாண்களுக்குக் கீழே தேவைப்படும் காற்றழுத்தம், நீர்மட்ட உயரமாகச் சொன்னால், ஆறேழு சென்டிமீட்டர். உரத்த பாட்டுக்கு அது முப்பது, நாற்பதுக்கு ஏறும். ஆனால் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் தொண்டை கிழியும். நுட்பம் வாயின் வடிவத்தில் இருக்கிறது. குரல் நாணிலிருந்து உதடு வரையுள்ள பாதை, பெண்களுக்கு 14, 15 சென்டிமீட்டர் நீளக் குழல். அந்தக் குழலுக்கென்று சில ஒத்ததிர்வு அதிர்வெண்கள் உண்டு. நாக்கும் தாடையும் உதடும் அசையும்போது அவை நகரும். அந்த நகர்வைத்தான் அ, இ, உ என்று கேட்கிறோம். வாயை நன்றாகத் திறந்து ‘ஆ’ என்னும்போது பெண்குரலில் முதல் ஒத்ததிர்வு 850, 900 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். பாடுகிற சுருதி 440 ஹெர்ட்ஸ் என்றால் அதன் முதல் மேற்சுரம் 880. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிட்டால், கூடுதல் பலம் எதுவும் செலவழிக்காமல் ஒலி பல மடங்கு பெருகுகிறது. ஊஞ்சல் நம் பக்கம் வந்து திரும்பும் கணத்தில் சரியாகத் தள்ளுவது போல. உரத்த கிராமியப் பாட்டு உலகெங்கும் இந்தப் பொருத்தத்தைத்தான் தேடுகிறது. கூவி விற்பவர்களும் அறியாமலே இதைத்தான் செய்கிறார்கள்.

இப்போது அம்மனை அழைக்கும் சொற்களை நினைத்துப் பாருங்கள். அம்மா, ஆத்தா, தாயே, மாரி, காளி, கருமாரி. எங்கும் ஆகாரம். ஈஸ்வரியின் புகழ்பெற்ற அம்மன் பாட்டான ‘செல்லாத்தா’ அழைப்பிலேயே நடுவில் ஒரு நெடில் வாயைத் திறக்கவைக்கிறது. வயல் தாண்டி, ஊர் தாண்டித் தெய்வத்தைக் கூப்பிட்ட மக்கள், தொலைவுக்குப் போகும் உயிரெழுத்தைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டார்கள் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. இந்தச் சொற்கள் வேறு வழிகளில் பிறந்தவை. என்றாலும் உரத்த குரலுக்கு இவை எவ்வளவு ஏற்றவை என்பதை எந்தப் பூசாரியும் ஒப்புக்கொள்வார்.

அடுத்தது குழாய். மைக் செட்காரர்கள் குழாய் என்றும் ஹாரன் என்றும் சொல்லும் அந்தக் கூம்பு, வீட்டு ஸ்பீக்கரைவிடப் பல மடங்கு திறனுள்ளது. வீட்டு ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சாரத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் ஒலியாக்கும். மிச்சமெல்லாம் சூடாகப் போகும். கூம்பு, சிறு தகட்டின் அதிர்வை வெளிக்காற்றோடு படிப்படியாக இணைப்பதால் பத்து, இருபது பங்குவரை ஒலியாக்கிவிடும். விலையாக அது ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறது. வாய் அகலம் ஒன்றரை அடிக்குள் இருக்கும் கூம்பால் சுமார் 250, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை ஒழுங்காக வெளியே அனுப்ப முடியாது. பம்பையின் அடி போய்விடும். தவிலின் தொப்பி போய்விடும். தாழ்ந்த சுரங்களில் பாடகியின் அடிச்சுருதியே போய்விடும்.

அப்படியானால் பாட்டு சுருதி கெட்டல்லவா கேட்க வேண்டும்? கேட்பதில்லை. இதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய வியப்பு. 1841-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் ஸீபெக் என்பவர், துளையிட்ட வட்டைச் சுழற்றிக் காற்றை ஊதும் ஒரு கருவியில் சோதனைகள் செய்து, அடிச்சுருதி மிக மெலிந்திருந்தாலும் காது அதே சுருதியைக் கேட்கிறது என்றார். மின்சார விதியால் நாம் அறிந்த ஓம் அதை மறுத்தார். இருவருக்கும் பெரிய சண்டை நடந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் நெதர்லாந்தின் ஸ்கௌட்டன் செய்த சோதனைகள் ஸீபெக் பக்கம் நின்றன. 400, 600, 800, 1,000 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து வந்தால், எல்லாம் 200-இன் மடங்குகள் என்பதை நம் செவியும் மூளையும் சேர்ந்து கண்டுபிடித்து, அங்கே இல்லாத 200-ஐக் கேட்கவைக்கின்றன. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாது. ஆணின் குரலோ 120 பக்கம். ஆனாலும் அப்பா பேசினால் அப்பா குரலாகத்தான் கேட்டது. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் பாட்டு கேட்கும்போது இன்றும் இதே வேலை நமக்குள் நடக்கிறது.

இந்த மீட்பு வேலைக்கு மூலப்பொருள் மேற்சுரங்கள். அவை வலுவாக இருந்தால்தான் மூளை அடியைக் கட்டி எழுப்ப முடியும். காற்றுக் கசியும் குழைந்த குரலைக் கூம்புக்குள் விட்டால் அடியும் போகும், மீட்கத் தேவையான மேலடுக்கும் மெலிந்திருக்கும். எஞ்சுவது ஒரு கீச்சு. மேற்சுரங்கள் செழித்த குரல் தன் அடியை இழந்தும் முழுதாக வந்து சேரும். சந்தேகம் இருப்பவர்கள் கைப்பேசியை அதிகபட்ச ஒலியில் வைத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் ‘வெள்ளி விழா’ பாட்டையும் ஒரு அம்மன் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

காதும் தன் பங்குக்கு ஒரு கை கொடுக்கிறது. செவித்துளையிலிருந்து செவிப்பறை வரை உள்ள பாதை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். ஒரு முனை மூடிய அந்தக் குட்டிக் குழலின் ஒத்ததிர்வு 3,400 ஹெர்ட்ஸ் அருகே விழுகிறது. அதனால் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை நமக்குக் காது கூர்மை. பாடகர்கள் குரல் நாண்களுக்குச் சற்று மேலே உள்ள குறுகிய பாதையை இன்னும் நெருக்கினால், ஒலியின் பலம் சரியாக அந்தப் பகுதியில் குவிகிறது. ஸ்வீடனின் யோஹான் சுண்ட்பெர்க் 1970-களில் மேற்கத்திய ஓபரா பாடகர்களை வைத்து இதை விளக்கினார். மைக் இல்லாமல் முழு வாத்தியக் குழுவையும் மீறி ஒரு மனிதக் குரல் கேட்பது இதனால்தான். ஈஸ்வரியின் உரத்த பாட்டுகளில் உள்ள அந்த உலோக விளிம்பு அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பது என் காது சொல்வது. கூம்பு எந்தப் பகுதியைத் தாராளமாக அனுப்புகிறதோ, காது எந்தப் பகுதியில் கூர்மையோ, அதே பகுதியில் அவர் குரலும் செழித்திருக்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

பிறகு காற்று. ஒரு மீட்டரில் 115 டெசிபல் கொடுக்கும் கூம்பு, தடையற்ற வெளியில் அரை கிலோமீட்டரில் 61 டெசிபலாகக் குறையும். எதிரே உட்கார்ந்து பேசும் அளவு. ராஜகீழ்ப்பாக்கத்தில் நடப்பது இந்த எளிய கணக்கைவிடச் சுவையானது. விடியும் நேரத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும் நாட்கள் உண்டு. வெதுவெதுப்பான காற்றில் ஒலி வேகமாகப் போவதால், மேல்நோக்கிப் போன அலை வளைந்து தரைக்கே திரும்புகிறது. நண்பகலில் தரை சுட்டபின் தலைகீழ். ஒலி வானத்துக்கு வளைந்து போய்விடும். அதனால்தான் காலையில் வீட்டு வாசலில் நிற்பதுபோல் கேட்ட கோயில் மதியம் காணாமல் போகிறது. ஆடியில் காலையில் மேற்குக் காற்று. தாம்பரம் பக்கத்துக் கோயில்கள் நமக்கு நெருங்கி வரும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிழக்கே கடல். பிற்பகலில் கடற்காற்று நுழைந்ததும் கிழக்குப் பக்கத்துக் கோயில்கள் முறை எடுத்துக்கொள்ளும். செம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றால் வித்தியாசம் இன்னும் தெளிவு. நீர்ப்பரப்பின் மேல் தடுக்கக் கட்டடம் இல்லை, பகலிலும் நீரை ஒட்டிய காற்று குளிர்ச்சி.

இந்த ஒலி எல்லோருக்கும் இன்பம் என்று சொல்லமாட்டேன். இரவுப் பணி முடித்து வந்து படுத்தவருக்கும், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கும், படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் அது வதை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்றும், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு என்றும் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மேலே போட்ட கணக்கின்படி அரை கிலோமீட்டர் தள்ளியே அந்த வரம்பு தாண்டப்படுகிறது. குழாயைத் தாழ்த்திக் கட்டி, ஒலியைக் குறைத்து வைத்தாலும் இந்தக் குரல் வந்து சேரும். வந்து சேர்வதற்கென்றே அமைந்த குரல் அது.

2011-இல் ‘ஒஸ்தி’ படத்தில் தமன் இசையில் ஒரு ஆட்டப் பாட்டுக்கு அவரை அழைத்தபோது ஈஸ்வரி எழுபதைக் கடந்திருந்தார். 2020-இல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்துக்குப் பாடியபோது எண்பது. மாதவிடாய் நின்றபின் பெண்களின் குரல் நாண்கள் தடிக்கின்றன, சுருதி தாழ்கிறது. பிறகு அவற்றின் தசை மெலிந்து, மூடும்போது நடுவில் இடைவெளி விழுகிறது. குரல்வளையின் குருத்தெலும்பு எலும்பாக இறுகுகிறது. முதலில் பலவீனப்படுவது உச்சச் சுருதியும் மிக மெல்லிய குரலும். போதாததற்கு, இன்றைய ஆட்டப் பாட்டுகளின் இசை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பலத்தோடு அதிர்கிறது, தாழ்ந்த ஒலிகளுக்கோ தமக்கு மேலே உள்ள ஒலிகளை மூழ்கடிக்கும் குணம் உண்டு. ஆனாலும் ‘ஒஸ்தி’ பாட்டில் அந்த அதிர்வுக்கு மேலே அவருடைய சொற்கள் ஒவ்வொன்றும் ஓரம் மழுங்காமல் கேட்கின்றன. இளம் பாடகிகள் பலருக்கு அதே இடத்தில் ஒலிப்பதிவுப் பொறியாளரின் உதவி வேண்டியிருக்கிறது.